வெறும் வயிற்றில்

ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குவேன்.
உப்புக்காற்று தின்ற ஷட்டர்,
கேணிக்கரை முழுக்க எழுப்பிவிட்டுத்தான் மேலே போகும்.
கடல் இங்கிருந்து தெரியாது.
வண்டி ரிம்மில், ஜன்னல் கம்பியில்,
லேப் பீரோவின் கீலில்
அது வந்துபோன தடம் இருக்கும்.

முதல் பஸ்ஸில் தேவிபட்டினத்துக்காரர்கள் வருவார்கள்,
டீக்கடையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு.
"சாப்பிடலையே?"
"பச்சத்தண்ணி கூட இல்லம்மா."
கட்டு. குத்து. பஞ்சு. மடக்கிப் பிடிங்க.

பன்னிரண்டு வருஷம்.
இந்த ஊரின் ரத்தம் எனக்குத் தெரியும்.
நகரை மீனில் பத்து ரூபாய் குறையாது என்று
மார்க்கெட்டே அதிரக் கத்தும் சகாயராணிக்கு
முந்நூற்றுப் பத்து.
செல்போன் கடை நூருல் அமீனுக்குத் தைராய்டு.
தூங்குமூஞ்சி என்று முதலாளி அவனைத் திட்டும்போது
ஸ்க்ரீன்கார்டு ஒட்டுவதற்காக நின்றிருந்தேன்.
வாய் திறக்கவில்லை.
நல்லதண்ணி வண்டிப் பையனுக்கு ஹீமோகுளோபின் எட்டு.
அன்றிலிருந்து
குடத்தை நானே இறக்கிக்கொள்கிறேன்.

கிராமம் என்றால் கேட்டே தீர்த்திருப்பார்கள்.
சென்னை என்றால் கேட்க ஆளே இல்லை.
இது நடுவில் கிடக்கிற ஊர்.
தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள
தனியாக ஒரு முகம் வேண்டும் இங்கே,
ரேஷன் கடைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறோம்.

போன ஐப்பசியில்
குளிக்கும்போது விரலில் தட்டியது.
பட்டாணி அளவு.

எங்கள் லேபில் காட்ட முடியாது.
பிரின்ட் எடுப்பவள் என் நாத்தனாருக்குப் பக்கத்து வீடு.
கல்யாண ஜவுளி என்று லீவு சொல்லிவிட்டு
மதுரைக்குப் பஸ் ஏறினேன்.
அண்ணாநகரில் ஒரு லேப். ஏசி.
யாருக்கும் யாரையும் தெரியாத நாற்காலிகள்.
பெயர் கேட்டாள்.
"மல்லிகா" என்றேன்,
பிறந்ததிலிருந்து அதுதான் என்பதுபோல.

"ராஜேந்திரன்... யாருங்க ராஜேந்திரன்?"

எழுந்தவர் பூவலிங்கம்.
எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்.
எந்த அண்ணன் எந்தத் தம்பியின் ஏழு சென்ட்டை விழுங்கினான்,
எந்த லே-அவுட் எந்தக் கண்மாய் மேல் படுத்திருக்கிறது,
எல்லாம் அந்தச் சட்டைப்பைப் பேனாவுக்குள்.
அப்பா பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போனதென்று
என் வீட்டுப் பத்திரத்தைத் திருப்பி அடித்த மனுஷர்.
நின்றார். பார்த்தார்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
"மல்லிகா!"

நான் எழுந்தேன்.

திரும்பும்போது ஒரே ராமேஸ்வரம் பஸ்.
அவர் முன்னால். நான் மூன்று சீட் பின்னால்.
பரமக்குடியில் அவர் இறங்கி டீ குடித்தார்,
நான் ஜன்னல்வழியே வெள்ளரிப்பிஞ்சு வாங்கி
மிளகாய்ப்பொடியை மட்டும் நக்கினேன்.
சத்திரக்குடி தாண்டினால் சீமைக்கருவேலம்,
கருவேலம், மறுபடியும் கருவேலம்,
ஊடே மஞ்சளும் வெள்ளையுமாய் பிளாட் கற்கள்,
யாரோ வரப்போகிறார்கள் என்று நம்பிக்கொண்டு.

பட்டணம்காத்தான் என்று போர்டு.
எந்தப் பட்டணத்தை எவன் காத்தானோ.
செக்போஸ்ட்டில் இரண்டு பேரும் இறங்கினோம்.
"காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார்.
"ஆமா சார். பாம்பன்ல கூண்டு ஏத்திருப்பாங்க."
அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.
நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம்.

என் ரிப்போர்ட்
பட்டுப்புடவை மடிப்புக்குள் இருக்கிறது.
ஜவுளி எங்கே என்று வீட்டில் இதுவரை கேட்கவில்லை.

நேற்று ஆறேகாலுக்கு அவர் வந்தார்.
முழுக்கைச் சட்டையைச் சுருட்டி கையை நீட்டினார்.
குழாயில் ஒட்டும் ஸ்டிக்கரை எடுத்து
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்:
"பேர்?"
ஒரு நொடி. ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலேயே.
"பூவலிங்கம்."
ஒற்று விடாமல் எழுதினேன்.
"சாப்பிடலையே?"
"வெறும் வயிறுதாம்மா."
அவர் என்னைக் கேட்கவில்லை,
நான் அவரைக் கேட்கவில்லை.
பஞ்சை வைத்து அழுத்தினேன்.

மடக்கிப் பிடிங்க சார்.